தளர்ந்த பாதமும் தாங்கும் காலணியும்

காலணி வாங்கப் புகும் ஒருவர் கடையில் முதற்கண் செய்வது யாது? காலணியைக் கையில் எடுத்து அதன் உட்புறத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். விரல் மெத்தென்று புதைந்தால் அவர் முகம் மலர்கிறது. அணிந்து நான்கடி நடக்கிறார். பஞ்சின்மேல் நடப்பது போல் இருக்கிறது. உடனே விலையைக் கொடுத்து வாங்கிச் செல்கிறார். வலுவான பாதம் உடையவருக்கு இதனால் பெருங்கேடு ஒன்றும் விளையாது. ஆனால் உள்ளங்கால் வளைவு தளர்ந்தவரும், கணுக்கால் அடிக்கடி பிசகுபவரும் இம்முறையைக் கையாண்டால், பணமும் செலவாகி, வலியும் நீங்காமல் வருந்துவர். மென்மை வேறு, தாங்குதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியையும், குறைந்த செலவில் தக்க காலணியைத் தேர்ந்துகொள்ளும் முறையையும் இன்று ஆராய்வோம்.

இது சிறிய பொருளன்று. தலைநகரின் தென்மேற்குப் பகுதியிலுள்ள ஆர்.கே.புரம், அதாவது இராமகிருஷ்ணபுரம், மத்திய அரசு ஊழியர்க்கென எழுந்த குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. மின்தூக்கி இல்லாத பழைய மாடி வீடுகளின் படிகள், பேருந்து நிறுத்தம் வரையிலான நடை, 2018-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தின் ஏற்ற இறக்கம், செக்டார் 7-இல் குன்றின்மேல் சுவாமிநாதன் எழுந்தருளியிருக்கும் மலை மந்திர் ஆகிய அனைத்தும் கால்களின் வலிமையை எதிர்பார்ப்பன. கால் நோகத் தொடங்கியவர் முதலில் மாலை நடையை நிறுத்துகிறார். பின்னர்க் கோயிலுக்குச் செல்வதைக் குறைக்கிறார். அதன்பின் நண்பர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் பிறரை அனுப்புகிறார். இவ்வாறு, பாதத்தின் வலி மனிதனுடைய உலகத்தையே சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. ஆதலின் காலணியைத் தேர்ந்தெடுப்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நடமாடும் உரிமையைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

முதலில் பாதத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இவ்வெலும்புகள் தட்டையாக அடுக்கப்படாமல், பாலத்தின் வளைவைப் போல் அமைந்திருக்கின்றன. குதிகாலிலிருந்து பெருவிரலின் அடி வரை உட்புறத்தில் செல்லும் வளைவே நாம் கண்ணால் காண்பது. வெளிப்புறத்தில் தாழ்ந்த வளைவு ஒன்றும், குறுக்கே மற்றொன்றும் உண்டு. கல்லால் கட்டிய பாலம் அசையாது நிற்கும். பாதத்தின் வளைவோ ஒவ்வோர் அடியிலும் சற்றே தாழ்ந்து, மீண்டும் எழுகிறது. அடிப்பாதத்தில் விரிந்த கெட்டியான நார்ப்படலமும், எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும், கணுக்காலின் உட்புறமாக இறங்கி வளைவை மேலே இழுத்துப் பிடிக்கும் தசையும் இவ்வேலையைச் செய்கின்றன. இவை தளரும்போது வளைவு தாழ்கிறது. குதிகால் உட்புறம் சாய்கிறது. அதன்வழியே கணுக்காலும் முழங்காலும் கோணுகின்றன.

நம் பாதம் எவ்வகையினது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். பாதத்தை நீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையிலோ பழைய செய்தித்தாளின் மீதோ ஊன்றி எடுக்க வேண்டும். குதிகாலின் சுவடும் முன்பாதத்தின் சுவடும் ஒரு பட்டையால் இணைந்து, உட்புறத்தில் பிறைபோல் இடைவெளி இருந்தால் வளைவு இயல்பானது. இடைவெளியே இன்றிப் பாதம் முழுவதும் பதிந்தால் அது தட்டைப்பாதம். பழைய காலணியும் சான்று கூறும். தட்டைப்பாதம் உடையவரின் காலணி பெரும்பாலும் உட்புறமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். குதிகால் வெளிப்புற ஓரத்தில் சற்றுத் தேய்வது யாவருக்கும் உள்ளதே. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

சுவடு தட்டையாக இருப்பதனாலேயே அது நோய் ஆகிவிடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி நின்று பாருங்கள். அப்போது மறைந்திருந்த வளைவு மீண்டும் தோன்றுமாயின், அது நெகிழும் தட்டைப்பாதம். வலியில்லாதவரை அதனால் இடரில்லை. 1940-களில் கனடா நாட்டுப் படைவீரர் 3,600-க்கும் மேற்பட்டோரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் என்னும் மருத்துவர் இருவர், நெகிழும் தட்டைப்பாதம் பெரும்பாலும் வீரனின் பணிக்குத் தடையாவதில்லை என்று கண்டனர். நம் நாட்டுப் படைச் சேர்ப்பிலும் தட்டைப்பாதம் ஒரு தடை என்று பலரும் கேள்விப்பட்டு, பிள்ளைகளைப் பற்றி அஞ்சுகின்றனர். முன்பாதத்தில் எழும்பும்போது வளைவு தோன்றி, பாதம் நெகிழ்ச்சியுடனும் வலியின்றியும் இருந்து, இளைஞன் முன்பாதத்தில் தாவவும் ஓடவும் வல்லவனாயின், அவனை ஏற்கலாம் என்பதே படை மருத்துவ விதிகள் காட்டும் நெறி.

குழந்தைகளின் பெற்றோருக்கு இங்கே ஒரு சொல். சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தோன்றுவது இயல்பு. வளர வளர வளைவு உருவாகிறது. ஆயினும், 'வளைவை உண்டாக்கும்' காலணி என்று மிகுந்த விலைக்கு விற்கப்படுவனவற்றை வாங்கி, குடும்பச் செலவைச் சுருக்கும் பெற்றோர் உளர். அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில், நெகிழும் தட்டைப்பாதம் உடைய குழந்தைகள் சிலருக்குத் திருத்தக் காலணியும், சிலருக்கு உள்ளே இடும் தாங்கிகளும் கொடுத்து, சிலரை ஒன்றும் செய்யாமல் விட்டு, மூன்று ஆண்டுகள் கவனித்தனர். எல்லாக் குழந்தைகளின் பாதமும் வயதுக்கேற்பத் தேறிற்று; காலணியால் தனிப் பயன் ஏதும் தோன்றவில்லை. இம்முடிவு 1989-இல் வெளியாயிற்று.

நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ராவ், ஜோசப் என்னும் மருத்துவர் இருவர் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைச் சேகரித்து, 1992-இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலுடன் திரிந்தவர்களில் 2.8 பேருக்கே இருந்தது. விரல்களை மூடிய பூட்ஸ் அணிந்தவர்களிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. இதிலிருந்து நாம் அறிவது என்ன? வளைவைக் கட்டி எழுப்புவது காலணியன்று. பாதத்தின் சொந்த உழைப்பே. வலியின்றி ஓடி விளையாடும் குழந்தைக்கு இடம் தாராளமாக உள்ள எளிய காலணி போதும். தூய்மையான தரையில் வெறுங்காலுடன் ஓடவிடுவதும் நன்றே.

அப்படியாயின் தாங்கும் காலணி யாருக்குத் தேவை? வலியுடையவர்க்கே தேவை. நாற்பது வயதைக் கடந்தபின், உடல் எடை கூடியபின், நாள் முழுதும் கடினமான தரையில் நின்று உழைத்தபின், வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் களைத்துப்போகிறது. இத்தளர்ச்சி பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. மாலையில் உள்ளங்கால் கடுத்தல், காலையில் முதலடி வைக்கும்போது குதிகாலில் குத்தல், கணுக்காலின் உட்புறம் வீங்குதல் ஆகியன அதன் அடையாளங்கள். கணுக்கால் தளர்ச்சியோ வேறு வழியில் வருகிறது. ஒருமுறை கால் பிசகிச் சுளுக்கிக்கொண்டவர், வலி தீர்ந்தவுடன் அதை மறந்துவிடுகிறார். ஆனால் நீண்டுபோன தசைநார் தன் உறுதியை முழுதும் பெறாமலும், கணுக்கால் தன் நிலையை உடனுக்குடன் உணரும் திறனை இழந்தும் இருக்கக்கூடும். அதன்பின் சிறு பள்ளத்திலும் அதே கால் மீண்டும் மீண்டும் பிசகுகிறது.

இவர்களுக்கு மெத்தென்ற காலணி ஏன் உதவுவதில்லை? தளர்ந்த பாதம் உட்புறமாகச் சாயும் இயல்புடையது. தடித்த மென்மையான அடியுள்ள காலணியில் அது நின்றால், சாயும் பக்கமே மேலும் அமுங்குகிறது, சாய்வு கூடுகிறது. உயர்ந்த மெத்தையின்மேல் நின்று நிலைகொள்ள முயல்பவரைப் போலக் கணுக்கால் ஒவ்வோர் அடியிலும் தள்ளாடுகிறது. நம் ஊர்ச் சாலையோரங்களில் அக்காலத்தில் நாட்டிய சுமைதாங்கிக் கல்லை நினைவுகூருங்கள். சுமையை இறக்கி வைக்க வழிப்போக்கன் நாடியது உறுதியான கல்லையே. பஞ்சுப் பொதியை அன்று. குதிகாலுக்கு அடியில் சிறிதளவு மென்மை வேண்டுவதே; ஆனால் அம்மென்மையைச் சூழ்ந்து உறுதியான கூடு ஒன்று இருத்தல் வேண்டும்.

அவ்வுறுதியைக் கடையிலேயே, எந்தக் கருவியும் இன்றி, இரு கைகளால் சோதித்துவிடலாம். சோதனைகள் மூன்று.

முதலாவது, பின்சுவர்ச் சோதனை. குதிகாலைச் சூழ்ந்து நிற்கும் காலணியின் பின்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரு பக்கமும் பிடித்து அழுத்துங்கள். துணிப்பை போல் நசுங்கினால் அக்காலணி உங்களுக்கு உரியதன்று. அழுத்தத்திற்கு இணங்காமல் நின்றால் அது குதிகாலை நேராகப் பிடித்து நிறுத்தும். தளர்ந்த வளைவுக்கும் தளர்ந்த கணுக்காலுக்கும் இப்பின்சுவர் இன்றியமையாதது.

இரண்டாவது, வளைத்தற் சோதனை. காலணியின் குதியையும் முனையையும் பிடித்து மேல்நோக்கி வளையுங்கள். நல்ல காலணி, விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டுமே வளையும். ஏனெனில் நம் பாதமும் அங்கேதான் வளைகிறது. நடுவில், வளைவுக்கு நேர் கீழே, இரண்டாக மடியுமாயின், எந்த இடத்தைத் தாங்க வேண்டுமோ அந்த இடத்தையே அது கைவிடுகிறது. எங்குமே வளையாத காலணியும் நன்றன்று. அது குதிகாலை ஒவ்வோர் அடியிலும் கழற்றிவிடும்.

மூன்றாவது, முறுக்குதற் சோதனை. ஈரத்துணியைப் பிழிவது போல் காலணியின் இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகுங்கள். சிறிதளவு திரும்பலாம், கயிறு போல் முறுக்கிக்கொள்ளல் ஆகாது.

இம்மூன்றிலும் தேறிய காலணியில் இன்னும் சில இயல்புகளை நோக்க வேண்டும். அது காலோடு பிணைந்திருத்தல் வேண்டும். கயிற்றாலோ, பக்கிள் வாராலோ, வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையாலோ இறுக்கிக்கொள்ளக்கூடியதே பாதத்தைத் தன் இடத்தில் நிறுத்தும். வெறுமனே நுழைத்துக்கொள்ளும் காலணி வழுவாதிருக்க விரல்கள் அதை ஓயாமல் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குதி அகலமாகவும், உயரம் ஓர் அங்குலத்தை மிகாமலும் இருத்தல் வேண்டும். அடிப்பாகம் தரையில் அகலமாகப் பதிய வேண்டும். கணுக்கால் பிசகுபவர்க்கு இது மிகமிகத் தேவை. முன்புறத்தில் விரல்கள் விரிந்து படுக்க இடம் வேண்டும். உள்ளே இட்ட அட்டையைக் கழற்றி எடுக்கக் கூடுமாயின் மிகவும் நன்று. பின்னர் வளைவுத் தாங்கி ஒன்றை வைக்க அது இடம் தரும்.

அடுத்தது அளவு. நம் கடைகளில் வழங்கும் 7, 8 என்னும் எண்கள் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. அம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம். பெட்டியில் உள்ள எண் நீளத்தைக் கூறுகிறதே அன்றி அகலத்தைக் கூறுவதில்லை. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று அதனால் தெரியவந்தது. நமக்கென ஒரு தனி அளவுமுறை வேண்டும் என்னும் திட்டமும் அதனின்று பிறந்தது.

இவ்வுண்மை நம் தேர்வுக்கு நேரே பயன்படுகிறது. அகலம் போதாமையால் நம்மில் பலர் ஓர் எண் கூட்டி வாங்குகிறோம். அகலம் சரியாகிறது, ஆனால் நீளம் மிகுந்துவிடுகிறது. அப்போது காலணி வளையும் இடம் பாதம் வளையும் இடத்திற்கு முன்னே போய்விடுகிறது; உள்ளே அமைந்த மேடும் வளைவின் கீழே வராமல் இடம் மாறி உறுத்துகிறது. எனவே நீளத்தைக் கூட்டாமல் அகலமான வகையைக் கேட்டு வாங்குவதே முறை. பெண்களுக்கென விற்பவை பெரும்பாலும் ஒடுங்கியவை. அகன்ற பாதமுள்ள பெண்மணி, ஆண்களுக்கோ சிறுவர்க்கோ உரிய வகையில் தம் அளவைத் தேடினால் பொருத்தமும் கிடைக்கலாம், விலையும் குறையலாம்.

காலணியை மாலை நேரத்தில் வாங்குவது நன்று. பகல் முழுதும் உழைத்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கே அளவு கொள்ள வேண்டும். எழுந்து நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். தில்லியின் குளிர்காலத்தில் கம்பளிக் காலுறை அணிபவர் அதை அணிந்தே சோதிக்க வேண்டும். "போகப் போக இளகிவிடும்" என்று விற்பவர் கூறும் ஆறுதலை ஏற்கலாகாது. முதல் நாளே இசையாத காலணி, தளர்ந்த பாதத்துக்கு ஒருநாளும் இசைவதில்லை.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம், எந்தச் சொல்லையும் அதன் பொருளை வினவாமல் ஏற்பதில்லை. 'ஆர்த்தோ' என்னும் அடைமொழி இன்று பல காலணிகளின்மேல் காணப்படுகிறது. 1741-இல் நிக்கோலாஸ் ஆன்றி என்னும் பிரெஞ்சு மருத்துவர், நேர் என்றும் குழந்தை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்தும் கலைக்கு ஒரு பெயர் சூட்டினார். அப்பெயரின் முற்பாதியே இது. சொல்லின் பிறப்பு மேன்மையானதே. ஆனால் அச்சொல்லைத் தாங்கிய காலணி பின்சுவரின்றி, நடுவில் மடிவதாயின், அச்சொல்லால் நமக்குப் பயன் யாது? 'மெமரி ஃபோம்' என்பதும் அத்தகையதே. அது மென்மையைக் குறிக்கும் சொல்லேயன்றித் தாங்குதலைக் குறிக்கும் சொல்லன்று. பெட்டி கூறுவதைவிடக் கை கூறுவதையே நம்புக.

குறைந்த விலையில் இவ்வியல்புகள் எங்கே கிடைக்கும்? பலரும் எண்ணிப் பாராத விடை ஒன்று உண்டு. பள்ளி மாணவர் அணியும் கறுப்புக் கயிற்றுப் பூட்ஸே அது. அவற்றுள் பல, உறுதியான பின்சுவரும், தாழ்ந்த அகன்ற குதியும், இறுக்கும் கயிறும் உடையவை. பெரியவர் அளவிலும் கிடைக்கின்றன. அலுவலக உடைக்கும் பொருந்துகின்றன. கணுக்காலை மூடி நிற்கும் உயர்ந்த பூட்ஸ், பிசகும் கணுக்காலுக்குச் சற்றே கூடுதலான பாதுகாப்புத் தரும். ஆனால் மேலுள்ள துளைகள் வரை கயிற்றைக் கட்டினாலன்றி அப்பயன் இல்லை. சேலையுடன் பூட்ஸ் அணிய விரும்பாத பெண்மணிகளுக்கு, குதிகாலின் பின்னே வாரும், மேற்பாதத்தில் இறுக்கும் பட்டையும், உள்ளே வளைவுக்கேற்ற மேடும் உடைய சாண்டல் ஏற்றது. இதையும் நடுவில் வளைத்துச் சோதித்தே வாங்க வேண்டும். இரண்டு வார் மட்டுமே உள்ள இரப்பர்ச் செருப்பு, குளியலறைக்கும் வாயிற்படிக்கும் போதும். ஒரு கல் தொலைவு நடக்க அது துணையாகாது.

வளைவுத் தாங்கி எனப்படும் உள்ளட்டையை மருந்துக் கடைகளிலும் காலணிக் கடைகளிலும் தனியே விற்கின்றனர். பாதத்தை அச்செடுத்துத் தனியாகச் செய்து தருவதும் உண்டு. அதன் விலை பன்மடங்கு. குதிகால் வலியுடையவரிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று 2006-இல் வெளியாயிற்று. ஆயத்தமாக விற்கும் தாங்கிக்கும் அச்செடுத்துச் செய்ததற்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேற்றுமை அதில் காணப்படவில்லை. ஆகவே முதலில் எளிய தாங்கியை வாங்கிச் சில வாரங்கள் அணிந்து பார்ப்பதே சிக்கனமான வழி. அதைக் கையால் அழுத்தினால் முற்றும் அமுங்கலாகாது. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்கிக்கொள்ள வேண்டும். உறுதியான காலணியில் இட்ட எளிய தாங்கி நன்மை செய்யும். தளர்ந்த காலணியில் இட்டால், விலையுயர்ந்த தாங்கியும் காலணியோடு சேர்ந்தே சாயும்.

சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைப்பவரையும் மறத்தலாகாது. தில்லியில் மோச்சி என அழைக்கப்படும் இத்தொழிலாளர், வழுவும் சாண்டலுக்குப் பின்வார் தைப்பார். தேய்ந்த குதிக்கு இரப்பர் வைப்பார். தளர்ந்த பட்டைக்கு ஒரு துளை கூட்டுவார். ஒரு பக்கம் தேய்ந்த குதியோடு நடப்பது, கோணலைக் காலுக்குப் பயிற்றுவிப்பதாகும். புதிய காலணிக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கைக்கொண்டு அவர் அதைச் சரிசெய்து தருவார். அடிப்பாகம் நடுவில் மடியத் தொடங்கிவிட்டாலோ, பின்சுவர் சரிந்துவிட்டாலோ, அதன்பின் பழுது பார்த்துப் பயனில்லை.

விலை குறைந்த காலணி பெரும்பணி ஆற்றக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன பாதங்களில் ஆறாத புண்கள் தோன்றுவதைக் கண்டார். வலியை அறியாமல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தி நடப்பதே காரணம் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் உணர்ந்தனர். அவ்வழுத்தத்தைப் பாதம் முழுதும் பரப்பவல்ல நுண்ணறை இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி நிலையம் இக்கலையை வளர்த்தது. கீழே உறுதியான அடி, மேலே நுண்ணறை இரப்பர், பின்னே வார் என்னும் இவ்வமைப்பு, எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று நீரிழிவு நோயாளர்க்கும் உதவுகிறது. எளிய கைவினைஞர் செய்யக்கூடிய இச்செருப்பு எண்ணற்ற பாதங்களைக் காத்திருக்கிறது. அதன் பெருமை விலையில் இல்லை. மென்மையையும் உறுதியையும் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்ததில் இருக்கிறது.

நம் வழக்கங்களுக்கும் இதில் இடம் உண்டு. வீட்டினுள் காலணி அணியாமை நம் மரபு. நாள்தோறும் பலமுறை கழற்றி அணிய வேண்டியிருப்பதனாலேயே, கயிறு கட்டும் காலணியை நம்மவர் வெறுக்கின்றனர். பின்சுவரை மிதித்துச் செருப்பாக்கிக்கொள்ளும் பழக்கமும் இதனால் வந்ததே. வாயிலில் ஒரு சிறு முக்காலியும், குதிகாலை வழுக்கி நுழைக்க உதவும் நீண்ட தகடும் இருந்தால் இவ்வருத்தம் பெரிதும் குறையும். ஒட்டுப்பட்டை உள்ள வகை, குனிய இயலாத முதியவர்க்கு ஏற்றது. சமையலறையில் நெடுநேரம் நிற்பவர், வீட்டினுள் மட்டும் அணிய, வாருள்ள தூய சாண்டல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. கோயிற் படிகளில் வெறுங்காலுடனே ஏறுவோம். அப்போது கைப்பிடியைப் பற்றி, இடையிடையே நின்று ஏறுதல் நலம்.

காலணி துணையே அன்றி மருந்தன்று. தசையின் உழைப்பே வளைவுக்கு உண்மையான வலிமை. சுவரைப் பற்றி நின்று, குதிகால்களை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குதல் ஒரு பயிற்சி. தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுத்தல் மற்றொன்று. சுவருக்கு எதிரே ஒரு காலைப் பின்வைத்து, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டிப் பிடித்தல் மூன்றாவது. கணுக்கால் பிசகுபவர், பிடித்துக்கொள்ள அருகில் சுவர் இருக்க, ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் இவற்றிற்குப் போதும். காசு ஒன்றும் செலவில்லை.

ஆயினும், சில நிலைகளில் கடைக்குச் செல்வதற்கு முன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு காலின் வளைவு மட்டும் சில மாதங்களில் தாழ்ந்துபோதல், கணுக்காலின் உட்புறம் வீங்கி வலித்தல், ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாமை, எழும்பி நின்றாலும் வளைவு தோன்றாத விறைப்பு, சுளுக்குக்குப் பின் காலூன்றவே இயலாமை ஆகியவற்றை எந்தக் காலணியும் தீர்க்காது. தொடக்கத்திலேயே காட்டினால் எளிய சிகிச்சை போதும்; காலம் தாழ்த்தினால் அறுவை வரை செல்லவும் கூடும். நீரிழிவு உடையவர், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பின், மருத்துவரைக் கேளாமல் எந்தத் தாங்கியையும் உள்ளே இடலாகாது. ஒவ்வொரு முறையும் காலணியினுள் கைவிட்டுத் தடவிப் பார்த்தே அணிய வேண்டும்.

நேயர்களே, அரசு ஊழியரின் ஊதியத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ஓர் இடம் உண்டு; காலணிக்கு உரிய இடம் பெரும்பாலும் இறுதியில்தான். அச்சிறு தொகை வீணாகாதிருக்க வேண்டுமாயின், அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது உட்புறத்தை அழுத்திப் பார்ப்பதை இறுதிக்கு ஒத்திவையுங்கள். முதலில் பின்சுவரைப் பிடியுங்கள், நடுவில் வளையுங்கள், துணிபோல் திருகுங்கள். இம்மூன்றுக்கும் நின்ற காலணி, விலை எதுவாயினும், உங்கள் பாதத்தைத் தாங்கத் தகுதியுடையது. நில்லாதது, எத்துணை விலை பெறினும், பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.